கடைப் பணத்தோடு இரவில் வீடு திரும்புகிறவருக்கு

உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். டாலஸ் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறீர்கள். க்ரீன் கார்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. இரவு கணக்கு முடித்து, பணப்பையோடு காருக்குப் போகும்போது பயமாக இருக்கிறது. போன மாதம் பக்கத்துக் கடைக்காரரைத் துப்பாக்கி முனையில் நிறுத்திப் பணத்தைப் பறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதனால் நீங்களும் ஒரு கைத்துப்பாக்கியை இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ளலாமா, டெக்ஸாஸ் சட்டம் அதை விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், "மனைவிக்கு இதில் இஷ்டம் இல்லை, வீட்டில் ஆறு வயதுப் பையனும் படிக்க வந்திருக்கும் என் தம்பியும் இருக்கிறார்கள்" என்று சேர்த்திருக்கிறீர்கள். சட்டம் விடுமா என்றால் விடும். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. துப்பாக்கி வந்த பிறகு என் வீடு முன்பைவிடப் பத்திரமாக இருக்குமா? அதற்குத்தான் நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் பேசுகிறவர் எங்கே நின்று பேசுகிறார் என்பது கேட்பவருக்குத் தெரிய வேண்டும். ஹூஸ்டன் பக்கம் பன்னிரண்டு வருடமாக வார இறுதிகளில் கைத்துப்பாக்கி லைசன்ஸ் வகுப்பு எடுக்கிறேன். மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் சான்று பெற்ற பயிற்றுநர். வெளியே போகும்போது நானே துப்பாக்கி அணிகிறேன், அந்த உரிமை வேண்டும் என்று நினைக்கிறவள். வக்கீல் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வது வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத்தான். குடியுரிமை சம்பந்தப்பட்ட இடங்களில் கட்டாயம் ஒரு குடிவரவு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்ஸாஸில் 21 வயது நிரம்பிய, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத்தடை இல்லாத ஒருவர் லைசன்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்தோ, ஹோல்ஸ்டர் என்ற உறையில் வெளியே தெரியும்படியோ எடுத்துச் செல்லலாம். உங்கள் சொந்தக் கடைக்குள் வைத்துக்கொள்ள அதற்கு முன்பும் லைசன்ஸ் தேவைப்பட்டதில்லை. இருந்தும் வகுப்புக்கு வருகிற எல்லோரிடமும் லைசன்ஸ் எடுங்கள் என்றுதான் சொல்கிறேன். கட்டணம் 40 டாலர், முதல் முறை நான்கு வருடம் செல்லும். இதில் பலருக்குத் தெரியாத காரணம் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு பொது வழியில் போவதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. அந்த மாநிலம் கொடுத்த லைசன்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. லைசன்ஸ் இல்லாமல் எடுத்துப் போகலாம் என்று மாநிலம் சொன்னதை நம்பிப் பையனைப் பள்ளியில் விடப் போகிறவர், மாநிலச் சட்டத்தை மீறாமலே மத்தியச் சட்டத்தை மீறிவிடலாம். டாலஸ் புறநகரில் ஒரு பள்ளியைத் தாண்டாமல் எந்தக் கடைக்குப் போக முடியும், சொல்லுங்கள்?

அப்புறம் அறிவிப்புப் பலகைகள். வகுப்பில் இதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஒதுக்குகிறேன். ஒரு கடையோ கோயிலோ மருத்துவமனையோ உள்ளே துப்பாக்கி வேண்டாம் என்று நினைத்தால், தண்டனைச் சட்டத்தின் 30.06, 30.07 பிரிவுகளில் சொன்ன வாசகத்தை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில், வாசலில் ஒட்ட வேண்டும். முதல் எண் மறைத்து வைத்திருப்பவருக்கு, இரண்டாவது வெளியே தெரியும்படி வைத்திருப்பவருக்கு. லைசன்ஸ் இல்லாதவருக்கு 30.05 என்று தனிப் பலகை. பார்களில் சிவப்பில் பெரிதாக 51% என்று போட்டிருக்கும். அங்கேயே குடிக்கிற மதுவிலிருந்து பாதிக்கு மேல் வருமானம் வருகிற இடம் என்று அர்த்தம், துப்பாக்கியோடு உள்ளே கால் வைக்கக் கூடாது. பள்ளிக்குள் எடுத்துப் போவது பெரிய குற்றம். பொங்கல் விழாவைப் பள்ளி அரங்கை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்களே, அங்கே போகும்போது இது ஞாபகம் இருக்க வேண்டும். க்ரீன் கார்டில் இருப்பவருக்கு இன்னும் ஒரு படி கூடுதல் கவனம் தேவை. சட்டத்துக்குப் புறம்பாகத் துப்பாக்கி வாங்கினார், வைத்திருந்தார், எடுத்துச் சென்றார் என்று தண்டனை பெற்றால், நாட்டைவிட்டு அனுப்ப அதுவே போதுமான காரணம் என்று குடிவரவுச் சட்டம் சொல்கிறது.

உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். மாணவர் விசாவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மாணவர் விசா, வேலைக்கான ஹெச்-1பி, அவர்கள் குடும்பத்துக்கான ஹெச்-4 போன்ற குடியேறாதோர் விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் இருப்பது மாதிரி சில விலக்குகள் மட்டும்தான் உண்டு. வைத்திருப்பது என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் அதில் சேரும். நம் பையன்கள் கூட்டமாக ரேஞ்சுக்குப் போய்ப் படம் எடுத்துப் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். வீட்டில் உங்கள் துப்பாக்கி இருந்து, அவர் நினைத்தால் எடுக்கலாம் என்ற நிலை இருந்தால், அவர் வசமும் இருக்கிறது என்று அரசு வழக்கறிஞர் வாதாட இடம் கொடுக்கிறோம். க்ரீன் கார்டு வைத்திருக்கும் உங்களுக்கு இந்தத் தடை இல்லை.

இதெல்லாம் டெக்ஸாஸ் எல்லைக்குள். அமெரிக்கா முழுக்கச் செல்லும் லைசன்ஸ் என்று பொதுமக்களுக்கு ஒன்று கிடையாது. அப்படிக் கொண்டுவரும் மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் நின்றுபோனது. வெர்மான்ட்டில் எந்தக் காலத்திலும் லைசன்ஸ் கேட்டதில்லை. 2024 கணக்குப்படி 29 மாநிலங்களில் அது தேவையில்லை. நியூயார்க்கிலோ 2022இல் வந்த சட்டப்படி 18 மணி நேரப் பயிற்சி வேண்டும், உங்கள் டெக்ஸாஸ் அட்டைக்கு அங்கே மதிப்பில்லை. நியூ ஜெர்சியிலும் அப்படித்தான். 2013இல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஒரு பெண், பென்சில்வேனியா லைசன்ஸோடு ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்குள் போனார். காரை நிறுத்திய போலீஸிடம், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே நேர்மையாகச் சொன்னார். கைதாகி ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். கடைசியில் 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்புக் கொடுத்த பிறகுதான் விடிவு வந்தது. நியூ ஜெர்சியின் எடிசனில் உங்களுக்குச் சொந்தக்காரர் இருந்து காரிலேயே போவதாக இருந்தால், துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போங்கள்.

ஒரு நாடு எதற்காக இதை உரிமை என்று கட்டிக்கொண்டு நிற்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் துப்பாக்கி லைசன்ஸ் என்பது அரசு கொடுக்கும் சலுகை. தேர்தல் தேதி அறிவித்தால் லைசன்ஸ் துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள், பெரும்பாலோர் அதை உரிமை மீறல் என்று நினைப்பதில்லை. இங்கே ஆரம்பப் புள்ளியே வேறு. 1791இல் சேர்க்கப்பட்ட இரண்டாவது அரசியல் சாசனத் திருத்தம், ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை என்கிறது. ஆனால் அந்த ஒற்றை வாக்கியம் குடிப்படை, அதாவது குடிமக்கள் சேர்ந்த படை, என்ற சொல்லோடு தொடங்குகிறது. தனிமனிதருக்கா, குடிப்படைக்கா என்ற சண்டை 2008 வரை தீரவில்லை. அந்த வருடம் ஹெல்லர் வழக்கில் 5க்கு 4 என்ற கணக்கில், வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2010இல் மெக்டொனால்ட் வழக்கு அதை மாநிலங்களுக்கும் பொருந்தச் செய்தது. 2022இல் ப்ரூயன் வழக்கு, வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வதும் உரிமைதான் என்றது. அதுவரை நியூயார்க், கலிஃபோர்னியா உள்பட ஆறு மாநிலங்களில், உனக்குத் தனியாக என்ன தேவை என்று அதிகாரியிடம் நிரூபித்தால்தான் லைசன்ஸ். அந்தப் பிடி அன்றோடு போனது.

அந்த அதிகாரியின் பிடி பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கருத்து அங்கேதான் உருவானது. 1956இல் மான்ட்கமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். அதன் பிறகு அவர் மறைத்துத் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசன்ஸ் கேட்டு விண்ணப்பித்தார். கொடுக்க மறுத்துவிட்டார்கள். அந்த நகரத்தில் அவரைவிட அதிகம் மிரட்டலில் இருந்த மனிதர் யார்? யாருக்குத் தேவை என்று ஒரு மேசைக்குப் பின்னால் இருப்பவர் முடிவு செய்யும்போது, அவருக்குப் பிடிக்காதவர்களுக்குத் தேவை இல்லாமல் போய்விடுகிறது. தகுதியைச் சட்டம் எழுதி வைக்கட்டும், தகுதி இருப்பவருக்கு மறுக்காமல் கொடுக்கட்டும் என்பது என் நிலை. அதே சமயம் இந்த உரிமைக்கு எல்லையே இல்லை என்று என் வகுப்பில் யாராவது சொன்னால் நிறுத்தித் திருத்துகிறேன். ஹெல்லர் தீர்ப்பே பெருங்குற்றம் செய்தவர்களுக்கு உள்ள தடையையும், பள்ளி, அரசுக் கட்டடம் போன்ற இடங்களுக்கான தடையையும் தொடவில்லை. 2024இல் ரஹிமி வழக்கில், குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையுத்தரவு பெற்றவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டத்தை 8க்கு 1 என்று நிலைநிறுத்தினார்கள். அது டெக்ஸாஸிலிருந்து போன வழக்கு.

டெக்ஸாஸில் இந்த விவாதம் புத்தகத்திலிருந்து வந்ததில்லை. 1991 அக்டோபர் 16, கில்லீன் நகரில் லூபிஸ் என்ற உணவகத்துக்குள் ஒருவன் பிக்கப் வண்டியை மோதி நுழைந்து 23 பேரைச் சுட்டுக் கொன்றான். சுசானா ஹப் என்பவர் அங்கே அப்பா அம்மாவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ரிவால்வர் காரில் இருந்தது. கைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே வருவது அன்றைய சட்டப்படி குற்றம் என்பதால் விட்டுவிட்டு வந்திருந்தார். இரண்டு பேரையும் இழந்தார். பிறகு சட்டமன்றத்துக்குப் போனார். அவர் சாட்சியத்தைக் கேட்டவர்கள் மறக்கவில்லை. 1995இல் லைசன்ஸ் சட்டம் வந்ததில் அந்த மதியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அன்று அவர் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் முயற்சி செய்யும் வாய்ப்பே தனக்கு மறுக்கப்பட்டது என்று ஒரு மகள் சொல்லும்போது, அதற்குப் பதில் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

இரண்டு பக்கமும் உதாரணம் இருக்கிறது. 2019 டிசம்பரில் ஃபோர்ட் வொர்த் பக்கம் வொயிட் செட்டில்மென்ட்டில் ஒரு தேவாலயத்துக்குள் சுட்டவனை, அங்கே தொண்டராகக் காவல் இருந்தவர் ஆறு விநாடியில் வீழ்த்தினார். அதற்குள் இரண்டு பேர் போய்விட்டார்கள். வீழ்த்தியவர் முன்னாள் துணை ஷெரீஃப், துப்பாக்கிப் பயிற்சி கொடுத்துவந்தவர். 2021 ஜூனில் கொலராடோவின் அர்வாடாவில், ஒரு போலீஸ்காரரைக் கொன்றவனைப் பக்கத்துக் கடையில் இருந்த ஒருவர் வெளியே வந்து கைத்துப்பாக்கியால் சுட்டு நிறுத்தினார். பிறகு விழுந்தவனின் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். ஓடிவந்த இன்னொரு போலீஸ்காரர் அவரையே குற்றவாளி என்று நினைத்துச் சுட்டுக் கொன்றுவிட்டார். இரண்டு பேருமே துணிச்சலானவர்கள். இந்த இரண்டாவது சம்பவத்தை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன்.

மக்கள் மறைத்துத் துப்பாக்கி வைத்திருப்பதால் ஊரில் குற்றம் குறைகிறதா? இங்கே நிச்சயமானது முடிந்து சந்தேகத்துக்குரியது ஆரம்பிக்கிறது. 1997இல் பொருளாதார ஆய்வாளர்கள் ஜான் லாட்டும் டேவிட் மஸ்டர்டும் குறைகிறது என்று ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதை வைத்துப் பல மாநிலங்களில் சட்டம் பேசினார்கள். 2004இல் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் கூடி எல்லாத் தரவையும் புரட்டிப் பார்த்து, குறைகிறது என்றோ கூடுகிறது என்றோ சொல்ல ஆதாரம் போதாது என்றது. 2019இல் ஜான் டோனஹூ குழு, துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல எளிதாக அனுமதிக்கும் சட்டம் வந்த மாநிலங்களில் பத்து வருடம் கழித்து வன்முறைக் குற்றம் 13 முதல் 15 சதவீதம் கூடுதல் என்று கணக்கிட்டது. பின்னால் வந்த நல்ல ஆய்வுகள் அதிகமும் டோனஹூ பக்கம் சாய்கின்றன. எனக்குப் பிடிக்காவிட்டாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும். துப்பாக்கியால் தங்களைக் காத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்பதில் இதைவிடப் பெரிய குழப்பம். ஒரு தொலைபேசி ஆய்வு வருடத்துக்கு 25 லட்சம் தடவை என்றது. அரசின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பு ஒரு லட்சத்தையும் தொடவில்லை என்கிற மாதிரி எண்களைத் தருகிறது. இருபத்தைந்து மடங்குக்கு மேல் வித்தியாசம் உள்ள இரண்டு எண்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு யாராவது அடித்துப் பேசினால் நம்பாதீர்கள், அது என் பக்கத்து ஆளாக இருந்தாலும்.

ஊருக்கு என்ன ஆகும் என்பதைவிட வீட்டுக்கு என்ன ஆகும் என்பதில் ஆதாரம் திடமாக இருக்கிறது. 2022இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 48,200 பேர். அவர்களில் 27,000 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கு மேல். துப்பாக்கியால் தற்கொலைக்கு முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. மற்ற வழிகளில் முயன்றவர்களில் பெரும்பாலோர் பிழைத்து, பிறகு வாழ்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரை 12 வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2020இல் வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது, இல்லாதவர்களைப் போல எட்டு மடங்கு. பெண்களில் 35 மடங்கு. 2022இல் அதே குழு, தன் பெயரில் துப்பாக்கி இல்லாமல், அது வைத்திருக்கும் இன்னொருவரோடு குடியிருப்பவர்களைப் பார்த்தது. வீட்டில் வைத்து வாழ்க்கைத் துணையால் சுட்டுக் கொல்லப்படும் விகிதம் அவர்களிடம் ஏழு மடங்கு. அப்படி இறந்தவர்களில் 84 சதவீதம் பெண்கள். துப்பாக்கிதான் காரணம் என்று இந்த ஆய்வுகள் நிரூபித்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். ஆபத்தில் இருக்கும் வீடுகள் துப்பாக்கி வாங்குவதும் கணக்கில் கலந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை அது மட்டுமே விளக்கிவிடாது. உங்கள் மனைவி இந்த எண்களைப் படித்திருக்க மாட்டார். படித்தவர்கள் தயங்கும் அதே இடத்தில்தான் அவரும் தயங்குகிறார்.

பன்னிரண்டு வருடத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான். துப்பாக்கி இடுப்பில் இருக்கும் நேரம் கொஞ்சம். இரவு பத்தரைக்குக் கடையைச் சாத்திக் காருக்குப் போகும் நான்கு நிமிடத்துக்காக வாங்குகிறீர்கள். மற்ற நேரம் முழுவதும் அது காரிலோ, கல்லாவுக்குக் கீழோ, படுக்கையறையிலோ கிடக்கும். விபரீதம் எல்லாம் அப்போதுதான். என்னிடம் படித்த ஒருவர் சாப்பிடப் போன இடத்தில் வாசலில் 30.06 பலகையைப் பார்த்து, மிகச் சரியாக, துப்பாக்கியைக் காரில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது கண்ணாடி உடைந்து கிடந்தது. டேஷ்போர்டுப் பெட்டி காலி. அந்தத் துப்பாக்கி இன்று யார் கையில் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது, அந்த வேதனையை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். விமான நிலையச் சோதனையில் 2023இல் மட்டும் 6,737 துப்பாக்கிகளைப் பிடித்தார்கள், அதில் 93 சதவீதம் தோட்டா நிரப்பியவை. பிடிபட்டவர்களில் பலர் சொல்வது, பையில் இருந்ததையே மறந்துவிட்டேன் என்பது. மறக்கக்கூடிய பொருளாக அது ஆகிவிட்டதுதான் பிரச்சினை.

கைப்பை பற்றி உங்கள் மனைவியிடமும் சொல்லுங்கள். 2014 டிசம்பரில் ஐடஹோவில் ஒரு தாய் கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார். ஜிப் போட்ட தனி அறை உள்ள, துப்பாக்கிக்கென்றே செய்த கைப்பை. தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயது மகன் அதைத் திறந்து, அம்மாவைச் சுட்டுவிட்டான். அவர் லைசன்ஸ் வைத்திருந்தவர், பழகியவர். அதனால் என் வகுப்பில் கைப்பையை ஒத்துக்கொள்வதில்லை. உடம்போடு சேர்ந்த ஹோல்ஸ்டர், விசையை முழுக்க மூடுகிற கெட்டியான உறை, அதற்கென்று தைத்த தடித்த பெல்ட். வீட்டுக்கு வந்து இடுப்பிலிருந்து எடுத்தால் நேராக சேஃப் என்ற பூட்டுப் பெட்டிக்குள். நடுவில் மேசை மேல், குளிர்பெட்டி மேல் என்று எங்கேயும் இல்லை. 17 வயதுக்குட்பட்டவர் எடுக்கும்படி விட்டுவைப்பது டெக்ஸாஸில் குற்றம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

லைசன்ஸுக்கான சுடும் தேர்வு கஷ்டமானது இல்லை. 3 கஜத்தில் 20 குண்டு, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10, மொத்தம் 250க்கு 175 எடுத்தால் போதும். பெரும்பாலோர் முதல் முறையே தேறிவிடுகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை. அட்டைக் குறி அசையாது, திருப்பிச் சுடாது, அதற்குப் பின்னால் யாருடைய குழந்தையும் நிற்காது. தேர்வு முடிந்ததும் நான் ஒன்று செய்வேன். தோட்டா இல்லாத பயிற்சித் துப்பாக்கியை ஹோல்ஸ்டரில் வைத்து, சட்டையை மேலே இழுத்துவிட்டு, இடது கையில் ஒரு பணப்பையைக் கொடுப்பேன். ஏழு கஜத்தில் ஒருவரை நிறுத்தி, உங்களை நோக்கி ஓடிவரச் சொல்வேன். 250க்கு 240 எடுத்தவரின் கை சட்டைத் துணியில் சிக்கிக்கொண்டிருக்கும், ஓடிவந்தவர் அதற்குள் தோளைத் தொட்டிருப்பார். உங்கள் பக்கத்துக் கடைக்காரருக்கு நடந்தது இதைவிட மோசம். கொள்ளையன் துப்பாக்கியை முன்பே நீட்டிவிட்டான். நீட்டிய துப்பாக்கிக்கு முன்னால் நாம் உருவ நினைப்பது பெரும்பாலும் உயிரைப் பணயம் வைப்பது. பணப்பையைத் தூக்கி ஒரு பக்கம் எறிந்துவிட்டு மறுபக்கம் ஓடுங்கள்.

சட்டப்படி, கொள்ளை உடனடியாக நடக்கப்போவதைத் தடுக்க உயிர்போகும் அளவு பலத்தைப் பயன்படுத்த டெக்ஸாஸ் அனுமதிக்கிறது. இரவுத் திருட்டில் பொருளைக் காக்கவும் சில நிபந்தனைகளோடு ஒரு பிரிவு உண்டு. பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டு அந்தப் பிரிவை நம்பி நிற்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நியாயமான நம்பிக்கையா என்பதை ஜூரி முடிவு செய்யும். அதுவரை வக்கீல் செலவும் தூக்கமில்லாத இரவும் உங்களுடையவை. தகுந்த காப்பீடு இருந்தால் ஒரு நாள் வசூல் திரும்பக் கிடைக்கும்.

போலீஸ் காரை நிறுத்தினால், விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வையுங்கள். அடையாளம் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தோடு துப்பாக்கி லைசன்ஸையும் காட்ட வேண்டும். துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள், அவர் சொல்லாமல் கையை அசைக்காதீர்கள். 2016இல் மினசோட்டாவில் ஃபிலாண்டோ கஸ்டீல், தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அமைதியாகத்தான் சொன்னார். லைசன்ஸும் இருந்தது. காரில் காதலியும் அவருடைய நான்கு வயது மகளும் இருக்க, அங்கேயே சுடப்பட்டு இறந்தார். சுட்ட அதிகாரி விடுதலையானார். நம் தோலின் நிறத்தில் உள்ளவர்கள் இந்த உரிமையைப் பயன்படுத்தும்போது கூடவே வருகிற ஆபத்து இது. இதைச் சொல்லாமல் வகுப்பு முடிப்பது நேர்மையாகாது.

உங்கள் நிலையில் நான் என்ன செய்வேன் என்றால், துப்பாக்கிக் கடைக்குப் போகும் முன் மூன்று காரியம் செய்வேன். பணத்தைத் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியில் எடுத்துப் போவதை நிறுத்துவேன். மதியமே ஒரு பகுதியை வங்கியில் போட்டுவிட்டு, மீதியைக் கடையில் தரையோடு பொருத்திய பெட்டியில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருவேன், அதை வாசலில் எழுதியும் ஒட்டுவேன். காரை வாசல் விளக்குக்கு நேர் கீழே நிறுத்துவேன், சாத்தும்போது இரண்டு பேர் சேர்ந்து வெளியே வருவோம். இரண்டு மாதம் இப்படி நடந்த பிறகும் பயம் அப்படியே இருந்தால், மனைவியையும் கூட்டிக்கொண்டு, துப்பாக்கி எதுவும் வாங்காமல், ஒரு லைசன்ஸ் வகுப்புக்குப் போங்கள். வாங்குவதா வேண்டாமா என்று அவர் சொல்வதற்கும் உங்கள் வாக்குக்குச் சமமான எடை கொடுங்கள். வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு இருந்தால், குடும்பத்தில் சண்டை கை நீட்டும் அளவுக்குப் போனதுண்டு என்றால், இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள், வாங்க வேண்டாம்.

எல்லாம் யோசித்து வாங்குவது என்று முடிவானால், துப்பாக்கிக்கு முன்பே சேஃப் வர வேண்டும். சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கியது, எண் அழுத்தித் திறப்பது. உங்கள் பிறந்த தேதி, கல்யாண தேதி, வண்டி எண் எதுவும் வேண்டாம். பையனின் பிறந்த தேதி கட்டாயம் வேண்டாம், அவன் முதலில் அழுத்திப் பார்ப்பது அதைத்தான். உங்கள் தம்பி என்னதான் பொறுப்பான பிள்ளையாக இருந்தாலும், அவர் விசா மாறும்வரை அந்த எண் அவருக்குத் தெரியக் கூடாது. ஏன் என்று கேட்டால் மேலே எழுதிய சட்டத்தைக் காட்டுங்கள், புரிந்துகொள்வார்.